ஆஞ்சியோசார்கோமா: கத்தி வைக்கும் முன்

கே: அப்பாவுக்கு வயது 74. உச்சந்தலையில் அடிபட்டதுபோல் கன்றிப்போன தடம். மூன்று மாதமாக ஆயின்ட்மென்ட் போட்டும் பெரிதாகிறது. (திண்டுக்கல் வாசகர்)

ப: அடிபட்ட கன்றல் சில வாரங்களில் நிறம் மாறி மறைந்துவிடும். முதியவரின் தலைத்தோலில் ஊதாத் தடம் மறையாமல் அகலமானால், ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் தோன்றும் புற்றான ஆஞ்சியோசார்கோமாவையும் சந்தேகிக்க வேண்டும். அதுதான் என்று நான் சொல்லவில்லை. மென்திசுப் புற்றுகளிலேயே இது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். ஆயின்ட்மென்ட் போட்டுக் காத்திருந்தது போதும், இந்த வாரமே தோல் டாக்டரிடம் காட்டி பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள். மேலாகச் சுரண்டி எடுத்தால் போதாது, ஆழமாக எடுக்க வேண்டும்.

கே: அக்காவுக்கு 2018-ல் மார்பகப் புற்றுக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். இப்போது அதே இடத்தில் ஆஞ்சியோசார்கோமா. அடுத்த வாரமே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். டியூமர் போர்டுக்கு (பல துறை டாக்டர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டம்) காத்திருந்தால் பரவிவிடாதா? (ஈரோடு வாசகி)

ப: வேகமான நோய்தான், மாதக்கணக்கில் தள்ளக் கூடாது. ஆனால் போர்டு கூடச் சில நாள் ஆவதைவிட, திட்டமில்லாத முதல் ஆபரேஷன்தான் எனக்குப் பெரிய பயம். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு இந்த நோயின் விளிம்பு அல்ல. நல்ல தோலுக்கு அடியிலும் தள்ளித் தள்ளிப் படர்ந்திருக்கும். எம்.ஆர்.ஐ. பார்த்து எதுவரை வெட்டுவது, நுரையீரல் சி.டி. ஸ்கேனில் ஏதாவது இருக்கிறதா, கீமோ முதலிலா பிறகா, ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கிய தோலுக்கு இன்னும் கொடுக்கலாமா என்பதையெல்லாம் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவெடுக்க முடியும். பிளாஸ்டிக் சர்ஜனும் அங்கே இருக்க வேண்டும். தோலை மூட அவர் இருந்தால்தான், மற்றவர் தயங்காமல் அகலமாக வெட்டுவார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஐந்து டாக்டரிடம் அலைவது குழுச் சிகிச்சை ஆகாது. 'இந்த கேஸை போர்டில் பேசினீர்களா, முடிவை எழுதித் தருவீர்களா?' என்று கேளுங்கள்.

ரேடியேஷன் கொடுத்தது தவறோ என்று குமைய வேண்டாம். அதன் பிறகு இந்த நோய் வருவது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்குத்தான்.

கே: பெரிய ஆஸ்பத்திரியில் பிளாக், ஸ்லைடு கேட்கிறார்கள். மறுபடி சதை எடுப்பார்களா?

ப: பெரும்பாலும் தேவைப்படாது. பிளாக் என்பது மெழுகில் பதித்து வைத்த உங்கள் திசு; ஸ்லைடு என்பது அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டியது. பிளாக்கையே மெல்லியதாகச் சீவி சிடி31 (CD31), இஆர்ஜி (ERG) சாயங்கள் போட்டு, இது ரத்தக்குழாய்ச் செல்தானா என்று பார்ப்பார்கள். ரேடியேஷன் வாங்கிய மார்பகமாக இருந்தால் 'மிக்' (MYC) என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஏனென்றால், இதேபோல் தோற்றம் தரும் புற்றல்லாத மாற்றங்களும் ரேடியேஷனுக்குப் பின் வருவதுண்டு. பழைய லேபில் கையெழுத்துப் போட்டு வாங்கி, கையோடு கொண்டுபோங்கள். வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள், மெழுகு இளகும்.

கே: வாரம் ஒரு பாக்லிடாக்சல் ஊசி என்கிறார்கள். அது மார்பகப் புற்று மருந்தாயிற்றே?

ப: ஆமாம். ரத்தக்குழாய்ச் செல்களையும் அது தாக்கும், அதனால்தான் இங்கேயும் கொடுக்கிறார்கள். விரல் மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள். திடீரென மூச்சு முட்டினால் அடுத்த ஊசி நாள்வரை காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரலுக்குப் பரவியவர்களுக்கு, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து அது சுருங்கிவிடலாம்.

கே: பிள்ளைகளுக்கு வருமா?

ப: ஒட்டாது. பெரும்பாலும் பரம்பரையும் இல்லை. ஈரலில் வந்திருந்தால் மட்டும் செய்த வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், பி.வி.சி. தயாரித்த ஆலையின் தொழிலாளர்களிடம் இது தெரியவந்தது. காரணம் வினைல் குளோரைடு வாயு.