கவச வண்டி தண்ணீரில் கவிழ்ந்தால் வெளியே வருவது எப்படி?

கேள்வி: என் மகன் ராணுவத்தில் பி.எம்.பி.-2 என்ற, வீரர்களை ஏற்றிச் செல்லும் கவச வண்டியை ஓட்டுகிறான். 2024 ஜூனில் லடாக்கில் ஆற்றைக் கடந்த டாங்கி மூழ்கி ஐந்து வீரர்கள் இறந்தார்கள் அல்லவா? அதிலிருந்து அவன் அம்மாவுக்குச் சரியான தூக்கமில்லை. வண்டி கவிழ்ந்தால் தப்ப வழி உண்டா? அவனிடம் என்ன கேட்பது?
- கல்லிடைக்குறிச்சி வாசகர்

வழி இருக்கிறது அண்ணாச்சி. நானும் பி.எம்.பி.-2 வண்டியில் இருந்தவன்தான்.

லடாக்கில் ஷியோக் ஆறு திடீரென்று ஏறிவிட்டது. மலையில் மழை என்றால், பாபநாசத்தில் வெயில் அடிக்கும்போதே தாமிரபரணி ஏறுவதை நாம் பார்த்திருக்கிறோம். மூழ்கியது டி-72 டாங்கி, 40 டன்னுக்கு மேல், மிதக்காது. உங்கள் மகனுடையது சுமார் 14 டன், மிதந்து போகவே செய்த வண்டி. பின்னால் இரண்டு கதவுகளும் உண்டு.

கவிழப் போகிறது என்று தெரிந்தால் வெளியே குதிக்கவே கூடாது. பாதி உடம்பு மேலே நீட்டியிருப்பவர்தான் வண்டிக்கு அடியில் நசுங்குவார். சட்டென்று உள்ளே இறங்கி, தாடையை நெஞ்சோடு ஒட்டி, அசையாத எதையாவது கெட்டியாகப் பிடிக்க வேண்டும். வண்டி நின்றதும் ஹெட்செட் வயரைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் அதுவே இழுத்துப் பிடிக்கும். பெல்ட் போட்டிருந்தால் அது கடைசியில்தான். தலைகீழாகத் தொங்கும்போது அவசரப்பட்டு அவிழ்த்தால் தலை குப்புற விழ வேண்டியதுதான்.

பிடியை மட்டும் விடக் கூடாது. பயிற்சியில் என் கண்ணைத் துண்டால் கட்டி வெளியே வரச் சொன்னார்கள். ஒரு நொடி பிடியை விட்டேன். ஒரு முழம் தள்ளியிருந்த ஹாட்ச் (வெளியேறும் வழியின் மூடி) கைப்பிடியைத் தேடிச் சுவர் முழுக்கத் தடவினேன். இத்தனைக்கும் வண்டி நேராக, தரையில் நின்றது.

அப்புறம் தண்ணீர். இரண்டடிச் சதுர மூடி மேல் ஒரு மீட்டர் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 370 கிலோ அழுத்தும். எவ்வளவு பலசாலி தள்ளினாலும் திறக்காது. குளத்து மடைப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் நின்றால் தூக்க முடியாது, இரண்டு பக்கமும் சமமானால் லேசாக வரும். அதனால் உள்ளே தண்ணீர் ஏறும்வரை, எந்தப் பக்கம் உயரமோ அங்கே மிஞ்சியிருக்கும் காற்றில் மூச்சு விட்டபடி காத்திருந்து, கடைசி மூச்சை இழுத்துக்கொண்டு தள்ள வேண்டும். காத்திருக்கும் அந்த நேரம்தான் பெரிய சோதனை.

சரி, மகனிடம் கேட்க வேண்டியது இதுதான்: "உன் ஹாட்ச் சேற்றுக்குள் போய்விட்டால் எந்த வழியாக வருவே? கையில் முதலில் என்ன தட்டும்?" யோசிக்காமல் சொன்னால் நல்லது. யோசித்தால், வண்டி ஷெட்டில் நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை போய்வரச் சொல்லுங்கள். உள்ளே கட்டாமல் கிடக்கும் பெட்டி, கேன் எல்லாவற்றையும் கட்டி வைக்கச் சொல்லுங்கள். உருளும்போது மண்டையை உடைப்பவை அவைதான்.

நீச்சல் தெரியும் என்பான். பூட்ஸோடு நீந்தியிருக்கிறாயா என்று கேளுங்கள். இல்லையென்றால் லீவில் ஆறு அமைதியாக ஓடும் நாளில், இடுப்பளவு தண்ணீரில், கயிற்றோடு ஒரு ஆளைத் துணைக்கு நிறுத்திப் பழகட்டும். மூச்சடக்கும் போட்டி மட்டும் வேண்டாம். அவன் அம்மாவையும் படித்துறைக்கு அழைத்துப் போங்கள், உட்கார்ந்து பார்க்கட்டும்.