கடன் ஆலோசனைக்குப் போனால் கடனைத் தள்ளுபடி செய்வார்களா?

கேள்வி கேட்டவர் மலேசியாவில் இருக்கிறார். மூன்று கிரெடிட் கார்டிலும் கடன் ஏறிவிட்டது, கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்துக்குப் போகலாமா, கடனைத் தள்ளுபடி செய்து தருவார்களா, எவ்வளவு காசு கேட்பார்கள் என்று கேட்டிருக்கிறார்.

தள்ளுபடி கிடையாது. நானும் அந்த நினைப்போடுதான் போனேன். ஆனால் போங்கள்.

அப்போது எனக்குக் கார்டுகளில் மட்டும் 28,300 வெள்ளி (ரிங்கிட்), பெர்சனல் லோன் பாக்கி 18,000. கைக்கு வரும் சம்பளம் 3,400. கார்டுக்குக் குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்ட வேண்டும், அது 1,415. லோனுக்கு 480, வாடகை 850, கார் தவணை 520. கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 135 வெள்ளி. நாலு பேர் இருக்கும் வீடு. அதனால் 5ஆம் தேதி பணம் கட்டிய கார்டையே 8ஆம் தேதி மளிகைக் கடையில் தேய்ப்பேன். வருடத்துக்கு 18 சதவீத வட்டி வேறு. மாதம் தவறாமல் கட்டியும் கடன் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

இந்த லட்சணத்தில், விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டு, 'பேங்கோடு பேசி முடித்துத் தருகிறேன்' என்ற ஒருவரிடம் 1,500 வெள்ளியைக் கொடுத்தேன். இரண்டு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தார். அப்புறம் போனே எடுக்கவில்லை. ஏகேபிகே அந்த ரகம் இல்லை. 2006இல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தொடங்கியது. ஆலோசனைக்கு ஒரு சென்கூட வாங்குவதில்லை.

எனக்கு வாய்த்த ஆலோசகர் ஒரு மலாய்க்கார அம்மா. ஒரு தாளை எடுத்து, பெட்ரோல், டோல், பள்ளி வேன், கோயில், அம்மாவுக்கு அனுப்புவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எல்லாம் சொன்னேன், கூட்டுப் பணத்தை, அதாவது சீட்டுக்குக் கட்டுவதைத் தவிர. அதைச் செலவு என்றே நான் நினைத்ததில்லை. அவர் கார்டு ஸ்டேட்மெண்டைப் புரட்டிவிட்டு, "மாதாமாதம் 300 வெள்ளி ரொக்கமாக எடுத்திருக்கிறீர்களே, எதற்கு?" என்றார். கூட்டு கட்டத்தான். கார்டில் ரொக்கம் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு, வட்டியும் அன்றைக்கே ஓடத் தொடங்கிவிடும். "ஆக, கடன் வாங்கிச் சேமிக்கிறீர்கள்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்தத் தாளில்தான் எல்லாமே இருக்கிறது. குடும்பச் செலவு போக மாதம் ஏதாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பார்கள். சிலருக்குச் செலவைத் திருத்திக்கொண்டாலே போதும், அறிவுரையோடு அனுப்பிவிடுவார்கள். அதற்கும் மேலே போய்விட்டவர்களுக்குத்தான் கடன் நிர்வாகத் திட்டம். மிஞ்சுவதை வைத்துப் புதுத் தவணை போட்டு, வங்கிகளிடம் அவர்களே பேசுவார்கள். வங்கிகள் சம்மதிக்க வேண்டும். எனக்கு வட்டி குறைந்து, கார் தவிர மற்ற எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் 745 வெள்ளி, 7 வருடம் என்று முடிந்தது. அதை ஏகேபிகேவிடம் கட்டினால் வங்கிகளுக்கு அவர்கள் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சுவதே இல்லை என்றால் இந்தத் திட்டம் ஓடாது. வருமானத்தைக் கூட்ட வேண்டும், அல்லது எதையாவது விற்க வேண்டும். ஏற்கனவே திவாலானவர்கள் சேர முடியாது.

திவால் என்றதும் ஞாபகம் வருகிறது. வசூல்காரர் ஒருவர் போனில் அந்த வார்த்தையைச் சொல்லியே என்னைத் தூங்கவிடாமல் செய்தார். இப்போது ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைந்த கடனுக்கு அந்த வழக்கே போட முடியாது என்பது ஆலோசகர் சொல்லித்தான் தெரிந்தது.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. கார்டுகள் ரத்தாகிவிடும். திட்டம் முடியும்வரை புதுக் கடன் கிடையாது, சிசிரிஸ் என்ற கடன் விவரப் பதிவைப் பார்க்கும் எந்த வங்கிக்கும் விஷயம் தெரிந்துவிடும். பழைய காரைத்தான் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறேன். தவணையைத் தொடர்ந்து கட்டாமல் விட்டால் ஏற்பாடு முறிந்து, வங்கி பழையபடி துரத்தும். ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) வாங்கியதை இவர்களால் பேசித் தீர்க்க முடியாது. இருந்தாலும் மறைக்காதீர்கள், அதற்குக் கட்டுவதும் உங்கள் சம்பளத்திலிருந்துதானே போகிறது.

ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, எல்லா ஸ்டேட்மெண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள், ஆனால் சொல்ல வேண்டியதை அவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அந்த 1,500 வெள்ளி விஷயம் என் மனைவிக்கு ஆலோசகரின் மேசை முன்னால்தான் தெரிந்தது.