நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை: நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. ஓசூரில் கம்பெனி வேலை. டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்தும், வந்த வாரமே பழையபடி ஆகிவிட்டான். இப்போது பழக்கத்தை விடுவிக்க அரசு மருத்துவமனையில் புப்ரினார்ஃபின்–நலாக்ஸோன் என்ற, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். முதல் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் வாந்தி, பேதி, நடுக்கம். காலையில் ஊசி போட்டதை மறைத்திருக்கிறான். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா?' என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. காலையில் போட்ட ஊசிதான் காரணம். வலி மாத்திரை மூளையில் பிடித்திருக்கும் இடத்தை புப்ரினார்ஃபின் பறித்துக்கொள்ளும். ஆனால் அதன் வேகத்தில் ஒரு பங்குதான் வேலை செய்யும். அந்தத் திடீர் இறக்கம்தான் வாந்தியும் நடுக்கமும். கடைசி ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமாவது போக வேண்டும். கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, வயிற்றைப் பிசைவது எல்லாம் நன்றாகத் தெரிந்த பிறகே முதல் மாத்திரை. 2 அல்லது 4 மி.கி. கொடுத்து, ஓரிரு மணி நேரம் பார்த்துக் கூட்டுவார்கள். பலருக்கு 8 முதல் 16 மி.கி.யில் நிலைப்படும். எப்போது ஊசி போட்டான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டினால் சொல்ல மாட்டான்.

வாயைத் தண்ணீரால் நனைத்துவிட்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். கரைய 5 முதல் 10 நிமிடம் ஆகும். அதுவரை பேச்சு, பீடி, தண்ணீர் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி ஈரலிலேயே வீணாகி, 'மருந்து பிடிக்கவில்லை' என்று தோன்றும். கரைந்ததும் வாய் கொப்பளிக்கட்டும். பல் துலக்க ஒரு மணி நேரம் போகட்டும். இல்லாவிட்டால் பல் கெடும். நலாக்ஸோன் நாக்கடியில் அதிகம் ஏறாது. கரைத்து ஊசியாகப் போட்டால்தான் போதையைத் தடுத்து வேலையைக் காட்டும், அதற்காகவே சேர்த்திருக்கிறார்கள்.

சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சரியான அளவில் எடுப்பவன் மயங்கிக் கிடப்பதில்லை, ஷிஃப்டுக்குப் போகிறான். அவசரப்பட்டு நிறுத்துவதுதான் ஆபத்து. மையத்தில் ஒரு மாதம் இருந்தவனின் உடல் பழைய அளவைத் தாங்காது. அதே அளவை மறுபடி போட்டால் மூச்சே நின்றுவிடலாம். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று காலண்டர் பார்க்காதீர்கள். வேலை, தூக்கம், வீடு நிலைப்பட்ட பிறகு டாக்டரே மெல்லக் குறைப்பார்.

சாராயமும் அல்ப்ரஸோலம் போன்ற தூக்க மாத்திரையும் இதோடு சேரவே கூடாது, மூச்சு அடங்கும். மாத்திரையைப் பூட்டி வையுங்கள், ஒரே மாத்திரைகூட சின்னக் குழந்தையைக் கொன்றுவிடலாம். ஊசி போட்டவன் என்பதால் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும், கூடவே ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் செய்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 14446 இலவச எண்.

கேள்வி: தம்பிக்கும் இதே பழக்கம். அவனுக்கு நால்ட்ரெக்ஸோன் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: இல்லை. வலி மாத்திரை மூளையில் பிடிக்கும் இடத்தை நால்ட்ரெக்ஸோன் அடைத்துவிடும், புப்ரினார்ஃபின் போல அங்கே ஒரு பங்குகூட வேலை செய்யாது. வழக்கமாகத் தினம் 50 மி.கி. தொடங்கும் முன் 7 முதல் 10 நாள் எந்த ஓபியாய்டும் (மார்ஃபின், டேபென்டடால் வகை மருந்து) உடம்பில் இருக்கக் கூடாது. புப்ரினார்ஃபினும் அதில் அடக்கம், அதை எடுத்திருந்தால் இரண்டு வாரம் வரைகூட ஆகலாம். ஈரல் பரிசோதனையும் தேவை. விபத்து, ஆபரேஷன் என்றால் இதை எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும். மார்ஃபின் வகை வலி மருந்து அவனுக்குக் கேட்காது.