திறந்த உலகக் கேம்கள் ஏன் பிடிக்கவில்லை: கேட்டவர்களுக்குப் பதில்

கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். திறந்த உலகக் கேம் என்றால் பெரிய உலகமொன்றில் விரும்பிய பக்கம் சுற்றித் திரியக்கூடியது. அப்படியான ஸ்கைரிம், விட்சர் 3, எல்டன் ரிங் மூன்றுக்கும் தங்கள் கணினி காணுமா என்று பொடியள் வந்து கேட்பார்கள். பிறகு ஒருநாள் தனியாக வந்து, "அண்ணை, எனக்கு அது பிடிக்கேல்லை" என்பார்கள். ஏதோ குற்றம் செய்தவர்கள் போல அதைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன்.

மல்லாவியிலிருந்து: ஸ்கைரிமை மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் விட்டுவிட்டேன். பிழை என்னிலா?

இல்லை தம்பி. 2011இல் வந்த அந்தக் கேமில் குகையால் வெளியே வந்த நிமிடமே எங்கும் போகலாம். ஆனால் மேலே திசைகாட்டியில் ஓர் அம்புக்குறி இழுத்துக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தே நடந்தால் வேறொன்றும் கண்ணில் படாது. இரணைமடுக் குளக்கட்டால் தண்ணீரையும் கொக்கையும் பார்த்துப் போவதும், போனில் வரைபடத்தைப் பார்த்துப் போவதும் ஒன்றா?

இன்னொரு தரம் தொடங்கினால் இதைச் செய்து பாருங்கள். ரிவர்வுட்டுக்கு இறங்கும் வழியில் மூன்று நடுகற்கள் வரும். அங்கிருந்து எதிர்மலையைப் பாருங்கள், பாழடைந்த கல்வளைவுகள் தெரியும். அங்கே என்ன இருக்கும் என்று ஏறிப் பார்க்க ஆசை வந்தால் கேம் உங்களுக்கானது. வராவிட்டால் 50 மணித்தியாலம் விளையாடினாலும் வராது. எல்லா வேலையையும் முடிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். சில்லறை வேலைகளைக் கேம் தானே புதிது புதிதாக உண்டாக்கிக்கொண்டிருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கை: விட்சர் 3இல் வெலன் பகுதிக்கு வந்ததும் விளையாட முடியவில்லை. தோழிகள் அதுதான் சிறந்த பகுதி என்கிறார்கள்.

தோழிகள் சொல்வது பொய்யில்லை. 2015இல் போலந்துக்காரர்கள் செய்த அந்தக் கேமில் மிக நேர்த்தியாக எழுதப்பட்ட பகுதி அதுதான். அதனால்தான் உங்களுக்குத் தாங்கவில்லை. வெலனுக்குள் கால் வைத்ததும் மரத்தில் தொங்கும் உடல்கள். அப்பால் படை மிதித்துப் போன வயல், சாப்பாடில்லாத சனம், யாரைக் கண்டாலும் பயப்படுகிற முகங்கள். வேறு ஊரில் இருப்பவர் அதைக் கதையாகப் பார்க்கலாம். 2009ஐக் கண்ட வீட்டுக்குள் இருந்து அப்படிப் பார்க்க முடியாது.

எனக்கும் அந்த மரத்தடியில் கை நின்றது. குதிரையை நிறுத்திவிட்டுக் கொன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். பல மாதம் கழித்துத்தான் திரும்பத் தொடங்கினேன், அதுவும் பகலில், வீட்டில் ஆட்கள் இருக்கும்போது. வெலனை ஆளும் பாரன் என்ற பிரபுவின் குடும்பக் கதையை முடித்தபோது அழுதேன். தொடங்கியதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நீங்களும் திரும்பப் போகவேண்டும் என்று சொல்லமாட்டேன். விட்டுவிடுங்கள் தங்கச்சி. பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லத் தேவையில்லை, இப்போது வேண்டாம் என்று சொன்னால் போதும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அதே கேம்தான். ஸ்கெலிகே தீவுகளின் கடலில், வரைபடத்தில் இன்னும் பார்க்காத இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகளைத் தேடித் தேடி அலுத்துப்போச்சு.

தேடாதீர்கள். அனேகமானவை கடத்தல்காரர் ஒளித்த பெட்டிகள்தான். சின்ன வரைபடத்தையும் அமைப்பில் நிறுத்திவிடுங்கள்.

வவுனியாவிலிருந்து: எல்டன் ரிங்கில் முதல் குதிரைக்காரனிடமே இருபது தரம் செத்துவிட்டேன்.

அந்தப் பொன் கவசக்காரனை அங்கே வைத்ததே, சுற்றிப் போகவும் வழியுண்டு என்று காட்டத்தான். சரி, இப்போதைக்கு அவனை விடுங்கள். தெற்கே பாலம் கடந்து வீப்பிங் தீபகற்பத்துக்குப் போய்ப் பலத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். 2022இல் வந்த இந்தக் கேமில் கடினத்தைக் குறைக்கும் தெரிவு கிடையாது. செத்துச் செத்துப் பழகுவதில் ருசி வரவில்லையென்றால் நிறுத்துவதே சரி.

மாங்குளத்திலிருந்து: வேலை முடிந்து வர இரவில் அரை மணித்தியாலம்தான் மிச்சம். ஸ்கைரிமை வாங்கலாமா?

ஸ்டீம் (Steam) என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். உங்களுக்கு அது கிட்டத்தட்ட நாலு இரவு. ஸ்கைரிமில் ஆளின் முகத்தைச் செதுக்குவதிலேயே ஓர் இரவு போய்விடும். ஆகவே முதலில் வருகிற முகத்தையே எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள், அந்த மூன்று கற்கள் வரைக்கும் நடந்து பாருங்கள்.