குட்டியானை: டீசலா, கரண்டா?

கேள்வி: திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் சந்தைகளுக்கு வாழை இலையும் காயும் ஏற்றுகிறேன். பழைய குட்டியானை ஓய்ந்துவிட்டது. ஐந்து வருடக் கடனில் புது வண்டி எடுக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்துகொண்டே வருகிறது, டீசல் வண்டி எடுத்தால் நடுவில் மாட்டிக்கொள்வாய் என்கிறார் மச்சான். உண்மையா?

பதில்: ஐந்து வருடத்தில் எண்ணெய் தீர்ந்துவிடாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் மச்சான் வீணாகக் கவலைப்படவில்லை.

எண்ணெய்க் கிணறு ஒரே நாளில் வற்றுவதில்லை. நம் ஊர் போர்வெல்லை நினைத்துப் பாருங்கள். முதலில் கொட்டுகிறது. பிறகு மோட்டாரை இன்னும் கீழே இறக்குகிறோம். அப்புறம் தண்ணீரோடு காற்றும் சேர்ந்து விட்டுவிட்டு வருகிறது. எண்ணெய் வயலில் காற்றுக்குப் பதில் தண்ணீர். அழுத்தம் குறையக் குறைய, நாமே தண்ணீரை உள்ளே செலுத்தி எண்ணெயைத் தள்ளுகிறோம். கடைசியில் மேலே வருவதில் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் அதிகம். அதைப் பிரித்தெடுக்கும் செலவு ஒவ்வொரு லிட்டரிலும் ஏறுகிறது.

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் இதற்கு நல்ல உதாரணம். 1974-ல் கண்டுபிடித்தார்கள், 1976-ல் உற்பத்தி தொடங்கியது. எண்பதுகளின் கடைசியில் உச்சம். இன்றும் எண்ணெய் வருகிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. நாட்டின் மொத்தக் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12-ல் சுமார் 3.8 கோடி டன். இப்போது 3 கோடிக்கும் கீழே. தேவையோ ஏறுகிறது. அதனால் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறோம்.

உங்களைத் தொடும் ஆபத்து அங்கேதான். 2022-ல் இலங்கையில் என்ன நடந்தது? உலகத்தில் எண்ணெய் இருந்தது, வாங்க டாலர் இல்லை. கியூஆர் கோடு காட்டி, வாரத்துக்கு பைக்குக்கு 4 லிட்டர், ஆட்டோவுக்கு 5 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். நம் நிலை அவ்வளவு மோசமில்லை. ஆனால் விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் நிலத்தடிக் கிடங்குகளில் அரசு சேர்த்து வைக்கக்கூடிய கச்சா எண்ணெய் முழுவதும் சுமார் 9 நாள் தேவைக்குத்தான். பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பது நல்ல காரியம்தான், ஆனால் டீசல் வண்டிக்காரருக்கு அதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை. ஆக, நீங்கள் பயப்பட வேண்டியது பெட்ரோல் பங்க் காலியாவதற்கல்ல, விலைக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வையுங்கள். டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 410 ரூபாய் போகும். எலெக்ட்ரிக் வண்டி, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, 13 யூனிட் குடிக்கும். யூனிட் 10 ரூபாய் என்றால் 130. மாதம் 7,000 மிச்சம், ஐந்து வருடத்தில் 4.2 லட்சம். இரண்டு வண்டிகளின் விலை வித்தியாசமும் அதற்கான வட்டியும் சேர்ந்து இதற்குள் அடங்கினால் எலெக்ட்ரிக்கே எடுங்கள். டீசல் விலை ஏறினால் லாபம் இன்னும் கூடும். உங்கள் பழைய வண்டியின் மைலேஜைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டு மீட்டரில் சார்ஜ் போட்டால் இரண்டு மாதத்துக்கு 650 யூனிட் கூடுதலாக ஓடும். 500-ஐத் தாண்டினாலே ஸ்லாப், அதாவது கட்டண அடுக்கு மாறி, வீட்டுக் கரண்டுக்கும் சேர்த்து பில் எகிறும். தொழில் வண்டி என்பதால் தனி இணைப்பு வேண்டுமா, என்ன கட்டணம் என்று வண்டி புக் பண்ணும் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். பேட்டரி வாரண்டி எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முகூர்த்த நாட்களில் திருச்சி, சென்னை என்று இலை ஏற்றிக்கொண்டு ஓடுவீர்களா? அது அடிக்கடி என்றால் இந்த முறை டீசலே எடுங்கள், ஆனால் கடனை மூன்று வருடத்தில் அடைக்கப் பாருங்கள். வருடத்துக்கு நாலைந்து தடவைதான் என்றால் அன்றைக்கு மட்டும் வாடகை வண்டி போதும். எதுவானாலும், ஷோரூமில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழு லோடு ஏற்றி, உச்சி வெயிலில் கும்பகோணம் போய்த் திரும்பி, சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.