குளிரிலும் சட்டை நனைகிறதா?

போகவந்தலாவையிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு,

முடி கொட்டுகிறது, கால் உளைகிறது, ஊசி போட்ட இடம் நீலமாகிறது என்று ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி அவரைக் கண்டபடி ஏசினேனாம். எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. சட்டை மட்டும் நனைஞ்சிருந்தது." என்னைப் பயமுறுத்தியது அந்த வரிதான்.

அது கோபமில்லை. உங்கள் மாமி நினைப்பதுபோல் காத்துக் கறுப்பும் இல்லை. இரத்தத்தில் சீனி இறங்கி, மூளை பட்டினி கிடந்திருக்கிறது. ரெண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குகிற ஊரில் நடுராத்திரியில் ஒருவருக்கு வேர்த்துக் கொட்டினால், அதுவும் அவர் இன்சுலின் போடுகிறவர் என்றால், முதலில் சீனியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

காரணமும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏழு மணிக்குக் கலவை இன்சுலினை (சட்டென்று வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் சேர்ந்தது) போட்டுவிட்டு, ஹட்டனில் த்ரீவீல் ஓட்டும் கணவர் வரும்வரை, ஒன்பதரை வரை சாப்பிடாமல் இருக்கிறீர்கள். கல்யாணமாகி நாலு மாதம்தான்; முதலில் சாப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டால் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் 'கொஞ்சம் சுகர் இருக்கு, மாத்திரை போடுறா' என்பதுதான். அந்த ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு வயிற்றுக்குள் போக வேண்டும். அதில் கலங்கலாக இருக்கும் அந்த மெதுவான மருந்து நள்ளிரவு தாண்டியும் வேலை செய்யும். பகல் முழுக்க மலை ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்த உடம்பில் ராத்திரிச் சீனி இன்னும் எளிதாக இறங்கும்.

இன்று முதல் யார் காத்திருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே போய் மருந்தளவை மாற்றச் சொல்லுங்கள். யூடியூபில் யாரோ சொன்னார் என்று பாவக்காய்ச் சாறு குடித்து ஊசியை விடப் பார்க்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம். 14 வயதிலிருந்து இன்சுலினில் வாழும் உடம்பு அது. நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. இன்சுலின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் பொய்.

அப்புறம், அவரிடம் சொல்வது. படுக்கப் போகும்போது ஆரம்பிக்காதீர்கள். அவர் வீட்டில் இருக்கும் ஒரு பகல் பார்த்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "என்னங்க, எனக்கு ராத்திரி வேர்த்து, பேச்சு தடுமாறினா, அது நான் இல்ல, சீனி இறங்கிருச்சு. அந்த நேரம் ஒண்ணுமில்ல விடுங்கன்னு தள்ளிவிடுவேன். நம்பாதீங்க, சீனித்தண்ணி குடுங்க." அந்தத் தள்ளிவிடுதலை மறக்காமல் சொல்லுங்கள். பல கணவன்மார் விட்டுவிடுவது அங்கேதான்.

அரை கிளாஸ் பச்சைத் தண்ணியில் மூன்று தேக்கரண்டி சீனி. சுடு தேத்தண்ணியை ஊதிக் குடிக்க நேரமில்லை. சொக்லேட் மெதுவாகத்தான் ஏறும். 15 நிமிடத்தில் மீட்டரில் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு தடவை. தெளிந்த பிறகு ரொட்டியோ நாலு பிஸ்கட்டோ. கூப்பிட்டும் விழிக்காவிட்டால், விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழைக்கட்டும். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

நீலத்துக்கு ஒவ்வொரு முறையும் இடம் மாற்றிக் குத்தினால் போதும். முடியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள். கால் உளைச்சலைக் கிளினிக்கில் சொல்லி, பாதத்தையும் காட்டிவிட்டு வாருங்கள்.

'பிள்ளை பெத்துக்க முடியாதுன்னு என்னை விட்டுட்டுப் போயிட்டா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பெறலாம். இன்சுலின் போட்டுக்கொண்டே எத்தனையோ பேர் நல்ல பிள்ளைகள் பெற்றிருக்கிறார்கள். ஆனால் கரு தங்கிய பிறகு டொக்டரிடம் சொல்வது போதாது. மூன்று மாதச் சராசரிச் சீனியை முதலில் சரிக்குக் கொண்டுவந்து, ஃபோலிக் அசிட் தொடங்கிய பிறகுதான் முயல வேண்டும். இதை உங்கள் வாயால் கேட்பதைவிட அவர் டொக்டரிடமே கேட்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். த்ரீவீல்தான் வீட்டிலேயே இருக்கிறதே.