லயத்து வீடும் ஒரு நூலும்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் மகள் முதலாம் படிவம் படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் 'லைன்' என்ற சொல்லுக்கு ஒத்த சொற்களை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியில் தேடினால் கோடு, வரிசை, கயிறு, முகச்சுருக்கம், வம்சம், தொழில் என்று நாற்பதுக்கு மேல் வந்தது. "இதுல எதும்மா சரி?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "தோட்டத்துல நாம குடியிருந்த லயமும் அந்தச் சொல்லுதான்" என்றார். என் கணவரோ, குதிரை லாயம்தான் லயம் ஆனது என்கிறார். யார் சொல்வது சரி? மகள் தன் பயிற்சியில் லயத்தைப் பற்றி எழுதக் கூச்சப்படுகிறாள்.

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாமியார் சொன்னதுதான் சரி. வெள்ளைக்காரர்கள் இந்தியாவில் பட்டாளத்துக்கு வரிசையாகப் போட்ட கூடாரங்களையும் குடிசைகளையும் 'லைன்ஸ்' என்றார்கள். டில்லியில் சிவில் லைன்ஸ் என்ற பகுதி இன்றும் இருக்கிறது. தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் அறை அறையாக நீட்டிக் கட்டிய வீடுகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். இலங்கை மலையகத்தில் லயன் என்றும் சொல்வார்கள், லயம் என்றும் சொல்வார்கள். 'ம்' எப்படி வந்தது என்று யோசிக்க வேண்டாம். மலாய்க்காரர்கள் கிராமத்தைச் சொல்லும் கம்போங் நம் வாயில் கம்பம் ஆகவில்லையா? மரம், குளம், கம்பம் என்று பழகிய நாக்கு லயனையும் லயம் ஆக்கிக்கொண்டது.

லாயம் வேறு சொல். அது குதிரை கட்டும் இடம். உங்கள் கணவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. பத்தடி அறையில் ஒரு குடும்பமே படுத்து எழுந்ததைப் பார்த்தவர்களுக்கு லாயம் என்று சொல்லத்தான் தோன்றும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் சொல் அங்கிருந்து பிறக்கவில்லை.

இப்போது மகளின் கேள்விக்கு வருகிறேன். நாற்பது சொல்லையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. அந்தச் சொல் எதிலிருந்து வந்தது என்று ஒரே ஒரு முறை காட்டிவிடுங்கள், போதும். லத்தீன் மொழியில் ஆளிச்செடிக்கு லினும் என்று பெயர். கடையில் விற்கிறதே ஆளிவிதை, அதே செடி. அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அந்த நூல்தான் லைன். லினன் துணி அதன் உறவு. கோட்டுச் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்கும் உறவுதான், ஒரு காலத்தில் உள்துணியாக லினனை வைத்ததால்.

ஒரு நூலை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலை மறுபடியும் படித்துப் பாருங்கள். நூலை இழுத்துப் பிடித்தால் கோடு. தண்ணீரில் விட்டால் தூண்டில் கயிறு. கம்பத்துக்குக் கம்பம் கட்டினால் தொலைபேசிக் கம்பி. நூல் பிடித்தாற்போல் ஆட்கள் நின்றால் வரிசை, எழுத்துகள் நின்றால் வரி. தாத்தாவிலிருந்து பேத்திவரை இறங்கினால் வம்சம். கோப்பிக் கடையில் உட்கார்ந்து "லைன் இல்ல" என்று நாம் கைப்பேசியைத் தூக்கிக் காட்டுகிறோமே, அதில் கம்பியும் இல்லை, நூலும் இல்லை. ஆனாலும் பழைய நூலின் பெயர்தான் அங்கேயும். மகளுக்கு மலாயும் தெரியும் அல்லவா? மலாயில் கயிறு 'தாலி', தொலைபேசி இணைப்பு 'தாலியான்'. மலாய்க்காரர்களும் கயிற்றிலிருந்துதான் அந்தச் சொல்லை எடுத்தார்கள்.

தமிழிலும் நூல் சும்மா இருக்கவில்லை. மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் சொல்கிறது. புத்தகத்துக்கு நூல் என்ற பெயர் அப்படிப் பொருந்துகிறது. அப்புறம் அளவு. பழைய ஆங்கில அளவில் ஓர் அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஒரு லைன். நம் தச்சர்களுக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது கொடி. துணி காயப்போடுவது கொடியில். வம்சத்தைச் சொல்வது கொடிவழி. தாயையும் பிள்ளையையும் சேர்ப்பது தொப்புள்கொடி. ஆங்கிலேயன் நூலை வைத்துச் சொன்னதை நாம் படரும் செடியை வைத்துச் சொல்லியிருக்கிறோம். லயத்தில் எங்கள் அம்மா கொடியில் சட்டை காயப்போட்டபடியே கொடிவழிக் கதைகளையும் சொல்வார். இரண்டும் ஒரே சொல் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

பால்மரக் காட்டிலும், அதாவது ரப்பர் தோட்டத்திலும், ஒன்று உண்டு. உளியால் மரத்தில் சாய்வாக இழுக்கும் வெட்டு நமக்குக் கோடு. மங்கில், அதாவது மரத்தில் வைத்த கிண்ணத்தில், பாலை எடுத்த பிறகு அந்த வெட்டில் காய்ந்து ஒட்டியிருப்பது கோட்டுப்பால். மறுநாள் அதை உரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் மரத்தில் புது வெட்டுப் போடுவார்கள். அதே கோட்டுப்பாலுக்கு ஆங்கிலத்தில் 'ட்ரீ லேஸ்' என்று பெயர். நாம் கோட்டைப் பார்த்த இடத்தில் அவர்கள் நாடாவைப் பார்த்திருக்கிறார்கள்.

ஒத்த சொற்கள் என்று பட்டியலில் இருப்பவை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக் கூடியவை அல்ல. இதை மகளிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். 'ரோ' என்றால் நிரை. அதற்குப் பல பொருட்கள் வேண்டும். லைன் ஒற்றைக் கோடாகவும் இருக்கலாம். 1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அதில் ஒன்று இன்றைக்கும் நிற்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஒற்றை மரத்துக்கு ஏது நிரை? அதே மரத்தில் ஒரு கோடு இழுத்தால் அது லைன். 'கியூ' பிரெஞ்சில் வால். வங்கியில் காத்து நிற்கும் ஆட்களுக்குத்தான் அந்த வால் பொருந்தும், செம்பனை மரங்களுக்குப் பொருந்தாது. அமெரிக்கர்கள் அங்கேயும் லைன் என்பார்கள். நம் பள்ளிகளில் பிரிட்டிஷ் வழக்கம் என்பதால் கியூ என்றே எழுதட்டும்.

சொல்லைக் கொடுத்து இன்னொரு சொல்லைக் கேட்கும் பயிற்சி எனக்கு ஒப்புதல் இல்லை. வாக்கியத்தைக் கொடுத்துக் கேட்டால் பிள்ளை யோசிப்பாள்.

லயத்தைப் பற்றி எழுதக் கூச்சம் வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அந்தப் பயிற்சியில் ஒரு வாக்கியம் அவள் பாட்டி குடியிருந்த லயத்தைப் பற்றி இருக்கட்டும். எத்தனை வீடு, குழாய் எந்தப் பக்கம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பதையெல்லாம் பாட்டியிடமே கேட்டு எழுதட்டும். ஆசிரியர் தப்பு என்று கோடு போட்டால், பெரிய ஆங்கில அகராதியை எடுத்துக்கொண்டு போங்கள். வரிசையாகக் கட்டிய குடியிருப்பு என்ற பொருள் அந்தச் சொல்லின் பன்மையில் இருக்கிறது.